அவள் நீக்கிய சத்தம்

“ஹலோ… இது என் குடை!”

லஸ் முனையில் கொட்டிய மழைக்கு முன்னால் அன்புக்கரசியின் அதட்டல் எடுபடவில்லை. மெட்ரோ வேலைக்காக நட்டிருந்த தகரத் தடுப்புகளின் மேல் மழை பறையடித்துக்கொண்டிருந்தது. சிக்னலுக்காக அவள் நின்றது இரண்டே நிமிடம். அதற்குள் எங்கிருந்தோ ஓடிவந்த ஒருவன் கேட்காமல் கொள்ளாமல் அவள் குடைக்குள் நுழைந்துவிட்டான். நுழைந்ததும் ஒழுங்காகவா நுழைந்தான்? தலை, தோள், முதுகு எல்லாம் வெளியே நனைய, நெஞ்சை மட்டும் குடைக்குள் நீட்டிக்கொண்டு நின்றான்!

“மன்னிக்க வேணும்… எனக்கில்லை. இதுக்கு.”

சட்டைப் பொத்தான்களுக்கு இடையே கைவிட்டு, பால் கவரில் சுற்றிய எதையோ பாதி எடுத்துக் காட்டினான். ஒரு கேசட்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நனைந்து ஒட்டிய இமைகளுக்குக் கீழே இரண்டு கண்கள்… தூங்கும் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நெரிசலைக் கடக்கிறவனின் கண்கள். திட்டுவதற்காகத் திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

“இந்தக் காலத்துல யாருங்க கேசட்டைத் தூக்கிக்கிட்டு அலையறாங்க?”

“நான்தான். காலையிலிருந்து ஆறு கடை. ரெண்டு கடையில சிரிச்சாங்கள். ஒரு பெரியவர் மட்டும் கையில வாங்கிப் பார்த்தார். ‘டேப் உதிருது தம்பி, ஓடவிட்டா அவ்வளவுதான்’ எண்டு திருப்பித் தந்திட்டார்.”

எண்டு… அந்த ஒரு சொல்லிலேயே அவன் ஊர் தெரிந்துவிட்டது.

“என்கிட்ட குடுங்க.”

“உங்களிட்டயா? நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?”

“துணி துவைக்கிற மாதிரி நான் சத்தம் துவைக்கிறேன்.” அவன் முழிப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. “தி.நகர்ல ஸ்டூடியோ. பழைய கச்சேரி, பழைய நாடகம்… கரகரன்னு இருக்கிறதைப் பளிச்சுன்னு ஆக்கித் தர்றதுதான் என் வேலை.”

அவன் வானத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “ஆறு கடை ஏறி இறங்கினது வீண். பேசாமல் முதலே நனைஞ்சிருக்கலாம்.”

சிக்னலில் பச்சை விழுந்தது. இருவரும் தெருவைக் கடக்கவில்லை. மறுபடி சிவப்பு விழுந்தது…

அவன் பெயர் சித்தார்த்தன். சபா நாடகங்களுக்கு விளக்கமைப்பவன். ஒரு வயதில் தாயின் மடியில் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவன். முப்பது வருடம் தமிழ்நாட்டில் வளர்ந்தும் வீட்டுப் பேச்சை விடாதவன். கேசட்டில் பாடியிருப்பது அவன் அம்மா யோகேஸ்வரி. யாழ்ப்பாணத்தில், இணுவில் பக்கம், நாடகப் பாட்டென்றால் அவரைத்தான் தேடி வருவார்களாம். ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து ஒரு வரி பாடியதில்லையாம்.

“ஒரு வரிகூடவா?”

“தாலாட்டுக்கூட இல்லை. என்னை நித்திரையாக்கிறதுக்கு இந்தக் கேசட்டைத்தான் போடுவா. இரவல் ரெக்கார்டர். எனக்கு எட்டு வயசில அது பழுதாப் போச்சு. பிறகு கேக்கவேயில்லை.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு சின்ன அரங்கில் கூட்டம் இருந்தது. போருக்குத் தப்பிவந்து சென்னையில் தங்கிவிட்ட கலைஞர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடும் கூட்டம். அங்கே கூத்தாடியவர் இங்கே பள்ளி வேன் ஓட்டுகிறார். வயலின் வாசித்தவர் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிறார். அந்த ஒரு நாள் மட்டும் அவர்கள் மறுபடி கூத்தாடி, மறுபடி வயலின்காரர். யோகேஸ்வரியும் போவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து வருவார். இந்த வருடம் அவருக்கு அறுபது. அவர் குரலை அவருக்கே கேட்கக் கொடுக்க வேண்டும் என்பது மகனின் ஆசை.

“ஒரு தடவைதான் ஓடும், அப்பவே கம்ப்யூட்டர்ல பிடிச்சுடணும். ஓடி முடிஞ்சா டேப்புல எதுவும் மிஞ்சாது. சம்மதமா?” என்றாள்.

“ஒருக்கா ஓடினாப் போதும்.” பால் கவரோடு அவள் உள்ளங்கையில் வைத்தான். வைத்த பிறகும் அவன் விரல்கள் ஒரு நொடி அங்கேயே நின்றன. கேசட்டை விட மனமில்லாமலா… வேறெதனாலாவதா… ஆட்டோவில் வழி முழுக்க அவள் அதையே யோசித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவனுக்கு மதுரையில் நாடகம். அவன் இல்லாமலேதான் கேசட் ஓடியது.

யோகேஸ்வரியின் குரல் வந்ததும் அன்புக்கரசிக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. மழைக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. ஆனால் என்ன பதிவு இது! பாட்டுக்கு அடியில் ‘கிர்ர்ர்’ என்று ஓயாத இரைச்சல். நொடிக்கொரு ‘டக்’. சுருதி வேறு ஊஞ்சலாடியது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்…

“யா அல்லா!” பக்கத்து நாற்காலியில் இருந்த புஷ்ரா காதைப் பொத்திக்கொண்டாள். திருவல்லிக்கேணிக்காரி, ஸ்டூடியோவில் அவளுக்கு ஒரே தோழி. “அன்பு, பாட்டை யாராவது கிரைண்டர்ல போட்டு ஆட்டினாங்களா?”

“மூணு நாள் பொறு. அப்புறம் கேளு.”

இரைச்சல் என்றால் அன்புக்கரசிக்குப் பிறவிப் பகை. ஈக்காட்டுத்தாங்கலில் அப்பாவின் லேத் பட்டறைக்கு மேல் மாடியில் பிறந்து, இரும்பு கடையும் சத்தத்தில் பாடம் படித்து வளர்ந்தவள். இழை இழையாக உரித்தாள். ‘கிர்ர்’ போயிற்று. ‘டக்’ ஒவ்வொன்றாகப் போயிற்று. நீக்கியதையெல்லாம் வழக்கம்போல ‘குப்பை’ என்று பெயரிட்ட கோப்பில் தள்ளினாள். ஊஞ்சலாடிய சுருதியை இழுத்துக் கட்டி நேராக நிறுத்தினாள்.

மாலை ஆறு மணியானால் மதுரையிலிருந்து போன் வரும்.

“துவைச்சு முடிஞ்சுதோ?”

“காயப் போட்டிருக்கேன்.”

“சாயம் போகாதே?”

“ஐயே… யார் கைன்னு நினைச்சீங்க!”

போனை வைத்த பிறகும் அவள் முகத்தில் சிரிப்பு நிற்கும். புஷ்ரா இருமுவாள். “எட்டு வருஷமா உன்னைப் பாக்கறேன். ஒரு கேசட்டுக்காக நீ லிப்ஸ்டிக் போட்டு நான் பார்த்ததில்ல.”

வெள்ளிக்கிழமை வந்தான். அவளே ஹெட்போனை அவன் தலையில் மாட்டிவிட்டாள். பொத்தானை அழுத்திவிட்டு, பரிசு கொடுத்தவள் போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் குரல் வந்ததும் அவன் கண்கள் விரிந்தன. ‘பிடித்துவிட்டது… பிடித்துவிட்டது…’ என்று அவள் நெஞ்சு குதித்தது. அரை நிமிடம் போயிருக்கும். அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்தினான். எதையோ தேடுகிறவன் போலத் தலையைச் சாய்த்தான். கழற்றினான்.

“அப்பா எங்க?”

அவளுக்குப் புரியவில்லை. “என்னது?”

“எங்கட அப்பா. இதில இருந்தவர். எங்க அவர்?”

“இதுல ஆம்பளைக் குரலே இல்லையே, சித்தார்த்தன்…”

“குரல் இல்லை. மிதிச்சவர்.” அவன் குரல் தேய்ந்தது. “அப்ப சண்டைக்குள்ள அஞ்சு வருஷமா யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. பேட்டரியும் ஆமிக்காரங்கள் வரவிட மாட்டாங்கள். சைக்கிளைக் கவிட்டு வச்சு, கையால பெடலைச் சுத்தி, டைனமோவில வாற கரண்டிலதான் பாட்டுக் கேக்கிறது. பாட்டுப் பதியோணுமெண்டா கனநேரம் ஓடோணும். அதுக்கு அப்பா சைக்கிளை ஸ்டாண்டில போட்டு ஏறியிருந்து மிதிச்சவர். அம்மா பாட, அவர் மிதிக்க… அந்தக் ‘கிர்ர்’தான் எங்கட அப்பா.”

அன்புக்கரசி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“ஊரைவிட்டு எல்லாரும் வெளிக்கிட்ட நேரம், வீட்டை ஒருக்கா பார்த்திட்டு வாறன் எண்டு அதே சைக்கிளிலதான் போனவர். வரேல்லை. ஒரு போட்டோ இல்லை. குரல் இல்லை. எனக்கு அப்பாவெண்டு இருந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். எட்டு வயசு வரைக்கும் அதைக் கேட்டுத்தான் நித்திரை கொண்டனான்.”

“நீங்க… முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“சத்தத்தில வேலை செய்யிறவாக்கு அது என்ன சத்தமெண்டு விளங்காதோ?”

சுருக்கென்று தைத்தது. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததால் இன்னும் கூடுதலாகத் தைத்தது. “எதை எடுக்கணும், எதை விடணும்னு சொல்லாம குடுத்தது நீங்க. என் வேலையை நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்!”

“முதல் பதிஞ்சது இருக்கோ? கை வைக்காதது?”

“இல்லை…” என்றாள். நல்லது கைக்கு வந்த மகிழ்ச்சியில், மூலப் பதிவின் மேலேயே திருத்தியதைச் சேமித்திருந்தாள். எட்டு வருடத்தில் ஒருநாளும் செய்யாத காரியம்.

அவன் புரிந்துகொண்டான். மேசையில் கிடந்த கேசட்டை எடுத்தான். உள்ளே டேப் பழுப்புப் பொடியாக உதிர்ந்து கிடந்தது. “வாறன்” என்றான். அவர்கள் ஊரில் போகும்போதும் அப்படித்தான் சொல்வார்கள்; அது அவளுக்குத் தெரியும். ஆனால் இவன் வரமாட்டான் என்றும் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் அவள் பட்டறைத் தெருவுக்குள் நடந்தாள். தெரு முழுக்கப் பட்டறைகள்; முப்பது லேத்தாவது ஓடும். முனை திரும்பும்போதே, ‘அப்பா இன்னும் சாப்பிடப் போகல’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

நின்றுவிட்டாள்.

அப்பாவின் பட்டறை இன்னும் எட்டுக் கடை தள்ளி இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரிந்தது? முப்பது லேத்துக்கு நடுவே ஒன்றில் மட்டும் பெல்ட் லேசாகத் தட்டி ஓடும். ‘தட்… தட்…’ அதுதான் அப்பா வடிவேலுவின் லேத். பிறந்ததிலிருந்து அவள் பகைத்த சத்தம் அது. அந்தச் சத்தத்தை வைத்தே அப்பா பசியோடு இருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்றுகூடச் சொல்லிவிடுவாள்.

“இன்னா கண்ணு, மூஞ்சி ஏன் இப்டி கீது?” அப்பா லேத்தை நிறுத்திவிட்டு எண்ணெய்க் கையோடு வந்தார்.

“அப்பா… பெல்ட்டை ஏன் மாத்தவே மாட்டேங்கற?”

“உங்கம்மா வோணாம்னுட்சு. மாடில கொழம்பு வெச்சிகினே, பெல்ட் சத்தம் நின்னா ஐயா வர்றாருன்னு சோத்தை எறக்கிடும். புது பெல்ட்டு போட்டா அதுக்கு எப்டித் தெரியும் நானுன்னு?”

அன்புக்கரசி அப்பாவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “அய்ய, இன்னாமே இது, சட்டைல எண்ணெ ஒட்டிக்கும்…” என்று தவித்தார். அழுது முடிந்ததும்தான் அவளுக்கு உறைத்தது… குப்பை! குப்பையை அவள் கொட்டவில்லையே!

ஓட்டமாக ஸ்டூடியோவுக்கு வந்து கோப்பைத் திறந்தாள். அம்மாவின் குரல் இல்லை, பாட்டு இல்லை, நீக்கியது மட்டும். ஒலிபெருக்கியில் ஓடவிட்டாள்.

கிர்ர்ர்… டக். கிர்ர்ர்… டக்.

செயின் கவரில் பெடல் இடிக்கும் சத்தம். அதற்கும் அடியில், இதுவரை அவள் காதில் விழாத ஒன்று… மூச்சு. ஒரு ஆண்மகனின் மூச்சு. முப்பது வருடத்துக்கு முன்னால், விளக்கில்லாத ஊரில், தன் மனைவியின் பாட்டு நின்றுவிடக் கூடாது என்று மிதித்துக்கொண்டிருந்தவனின் மூச்சு.

புஷ்ரா எழுந்து நின்றுவிட்டாள். அவள் விரல்கள் தாமாக மேசையில் தட்டத் தொடங்கின. “அன்பு… எண்ணிப் பாரு. எட்டு ‘டக்’குக்கு ஒண்ணு அழுத்தி விழுது, அதான் தாளத்துல ஒரு சுத்து. மறுபடி எட்டு. அந்த மனுஷன் தாளத்துக்கு மிதிச்சிருக்கார்!”

அன்புக்கரசி கைகூப்பினாள். கோயிலில்கூட அவளுக்கு அப்படிக் கை குவிந்ததில்லை.

ஞாயிறு மாலை நான்கு மணி. அடையாறு அரங்கில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். உயரமான ஏணியின் மேல் சித்தார்த்தன் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். பார்க்காதது போல மறுபடி விளக்கைத் திருப்பினான்.

அவள் நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். வெள்ளைப் புடவை, ஒல்லி உடம்பு, மடியில் கோத்த கைகள்… மகனின் அதே கண்கள்.

“அம்மா, நான் அன்புக்கரசி. உங்க வீட்டுக்காரரை அழிச்சவ நான்தான்.”

யோகேஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி சொன்னவன். ரெண்டு நாளா அவன் சாப்பிடேல்லை. உங்களை ஏசினதை நினைச்சுத்தான் இன்னும் கூடின வருத்தம் அவனுக்கு. இருங்கோ பிள்ளை.”

ஏணியின் மேலிருந்து எதுவோ நழுவி ‘டங்’ என்று விழுந்தது.

அவள் மடிக்கணினியை அரங்கின் ஒலிபெருக்கியோடு இணைத்தாள். திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். மலைத்தொடர் போல ஏறி இறங்கும் கோடு. “உங்க சுருதி ஆடினதா நினைச்சு நான் நேராக்கினேன்மா. நீங்க ஆடவேயில்ல. அவர் கால் ஓய்ஞ்சா டேப் மெதுவாச் சுத்தும். அதை இப்போ போட்டுக் கேட்டா பாட்டு மேல ஏறும். இந்தக் கோடு ஏறுற இடமெல்லாம் அவர் களைச்ச இடம். இறங்குற இடமெல்லாம் மூச்சைப் பிடிச்சு மறுபடி மிதிச்ச இடம்.”

யோகேஸ்வரியின் விரல் அந்தக் கோட்டின் மேல் மெல்ல ஊர்ந்தது. ஒரு சிகரத்தில் நின்றது.

“பாட்டையும் சத்தத்தையும் மறுபடி ஒண்ணாச் சேர்த்துட்டேன். பழையபடி எல்லாம் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி… இவரைத் தனியாக் கேளுங்கம்மா.”

கிர்ர்ர்… டக். கிர்ர்ர்… டக்.

அரங்கம் முழுக்க அந்தச் சத்தம் பரவியது. நாற்காலி போட்டவர்கள் அப்படியே நின்றார்கள். வேன் ஓட்டும் கூத்தாடி தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சத்தத்தோடு ஐந்து வருடம் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

“இவருக்குத் தாளமே வராது எண்டு எல்லாரும் பகிடி பண்ணுவாங்கள்…” யோகேஸ்வரியின் கை தொடையில் எட்டு எண்ணியது. மறுபடி எட்டு. “இண்டைக்குத்தான் கேக்கிறன். என்ர சத்தத்தில அண்டைக்கு இவரை நான் கேக்கேல்லை…”

மூன்றாவது சுற்று முடிந்து நான்காவது பிறந்தபோது, யாரும் எதிர்பாராமல், அவர் பாடினார்.

முப்பது வருடம் பூட்டிக் கிடந்த குரல். முதல் வரி கரகரத்தது. இரண்டாவது வரியில் தடுமாறியது. சைக்கிள் விடவில்லை… மிதித்துக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார். சைக்கிள் களைத்த இடத்தில் அவரும் பொறுத்தார். அது வேகம் எடுத்த இடத்தில் அவரும் எடுத்தார். இல்லாத கணவனும் இருக்கும் மனைவியுமாகச் சேர்ந்து அந்த மாலையை இழுத்துக்கொண்டு போனார்கள். ஏணியின் மேலிருந்தவனின் கை அவனை அறியாமலே விளக்கை ஏற்றியது. கடைசி வரிசை மஞ்சள் வெளிச்சத்தில் மிதந்தது. அன்புக்கரசி மூச்சுவிடவும் பயந்து நின்றாள்.

பாட்டு முடிந்தது. சக்கரம் மெல்ல ஓய்ந்தது. ஓய்ந்து, ஒரு கணம் கழித்து…

ட்ரிங்! ட்ரிங்!

சைக்கிள் மணி.

யோகேஸ்வரி கண்ணீரோடு வாய்விட்டுச் சிரித்தார். “கை தட்டுறதெண்டா ஹாண்டிலை விடோணுமே. அதுதான் பெல் அடிக்கிறவர்!”

அரங்கம் கை தட்டியது. வயலின்காரர் குழந்தை மாதிரி விம்மினார். கூத்தாடி ஓடிவந்து, “அக்கா, இண்டைக்குக் கடைசி வரிசை இல்லை, மேடைக்கு வாங்கோ” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அன்புக்கரசி ஓசைப்படாமல் வெளியே வந்துவிட்டாள். படியிறங்கும்போது பின்னால் காலடி கேட்டது. திரும்பாமலே தெரிந்தது யாரென்று.

“கோவமோ?”

“எனக்கென்ன கோவம்… துவைச்ச கூலி பாக்கி இருக்கு, அவ்வளவுதான்.”

“நான் அப்பிடிக் கத்தினது பிழை.”

“நான் அப்படி அழிச்சதும்தான்.”

“அழிச்சபடியால்தான் அப்பாவைத் தனியக் கேட்டம். எட்டு வருஷம் அந்தச் சத்தத்தில படுத்த எனக்கே அவர் மூச்சுக் கேட்டதில்லை.” அவன் முன்னால் வந்து நின்றான். விளக்குச் சூட்டில் வியர்த்த முகம். கண்கள் மட்டும் நீரில். “ஒண்டு சொல்லோணும். சொல்ல எனக்கு உரிமை இருக்கோ தெரியேல்லை. முப்பது வருஷம் இந்த ஊரில இருந்தும் நான் இந்த நாட்டுக்காரன் இல்லை. பாஸ்போர்ட் இல்லை. இப்பவும் போலீசில போய்ப் பதியிற ஆள். நாளைக்கு எங்க இருப்பன் எண்டு எனக்கே தெரியாது. அதாலதான் மதுரையிலிருந்து எடுத்த போனில எல்லாம் துவைக்கிறதையும் காயப்போடுறதையும் மட்டும் கதைச்சுப்போட்டு வைச்சனான்…”

“சித்தார்த்தன்.”

“ம்?”

“நாளைக்கு எங்க இருப்பீங்கன்னு நான் சொல்லட்டா? ஈக்காட்டுத்தாங்கல்ல. எங்கப்பா பட்டறையில. காலையில பத்து மணிக்கு. அவர் ‘இன்னா நைனா, இன்னா விஷயம்’னு கேப்பாரு. காகிதம் இருக்கான்னு கேக்க மாட்டாரு. பொண்ணை அழவெச்சது நீதானான்னுதான் கேப்பாரு. அதுக்கு மட்டும் பதில் யோசிச்சுட்டு வாங்க.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே மேடையில் அம்மாவின் குரல் அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தது. அந்தக் குரலுக்கு அடியில், மிக மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு அவன் சொன்னான்.

“எனக்கு உங்களை நல்லாப் பிடிச்சிருக்கு, அன்பு.”

அவள் காதோரத்து முடியை ஒதுக்கினாள். “கேக்கல.”

“உங்களுக்கோ கேக்கேல்லை? முப்பது வருஷத்துக்கு முந்தின மூச்சே கேட்ட காதுக்கு?”

“கேட்டுது…” அவள் கன்னம் சிவந்து சிரித்தாள். “இன்னொரு தடவை வேணும்.”